வில்லன் விழும் தேதி

மார்ச் 3, செவ்வாய்

வில்லனுடைய தோல் பேண்ட் என் தொடை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உடை கொடுக்கிறவர் ஒரு பக்கமும் அவருடைய உதவியாள் மறுபக்கமும் பிடித்துத் தூக்க, நான் நடுவில் மூட்டை மாதிரி குதித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் டர்ரென்று ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்துத்தான் கதாநாயகி கண்ணாடி தேடிக் கூடாரத்துக்குள் வந்தார். என் மனைவி பிலோமி கிறிஸ்துமஸுக்கு எடுத்துத் தந்த பச்சைக் கோடு போட்ட அன்டர்வேரை இந்தித் திரையுலகம் இன்று அறிந்துகொண்டது. "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேண்ட் கிழிந்ததைவிட அந்த அங்கிள்தான் வலித்தது.

இந்த டைரி என் மகள் ஜெசிந்தா தந்தது. பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறாள். ஹீரோக்கள் இருபத்தாறு வருடமாக என் தலையில் பானை உடைத்ததால் ஞாபகம் போய்விடுமாம். தினமும் எழுதினால் நிற்குமாம். பத்தாவதில் நான் தமிழில் மட்டும் பாஸ் செய்தது அவளுக்குத் தெரியும்.

ஆகவே எழுதுகிறேன். நான் தொம்மை. வயது ஐம்பத்தொன்று. சாலிகிராமத்தில் வீடு, சினிமாவில் ஃபைட்டர். அதாவது அடி வாங்குகிறவன். மும்பைக்குப் பதினைந்து நாள் வேலையாக வந்திருக்கிறேன். வில்லன் சாருக்கு டூப். எனக்கும் அவருக்கும் தோள் அகலம் ஒன்று. தோளுக்குக் கீழே யாரும் ஒப்பிட வேண்டாம் என்று ஸ்டண்ட் மாஸ்டர் தினகரன் சொல்லிவிட்டார்.

பதினாலாம் தேதி கிளைமாக்ஸ். எண்பதடி உயரத்திலிருந்து வில்லன் விழுகிறார். அதாவது நான்.

பிலோமியிடம், அட்டைப்பெட்டி மேல் உட்காருகிற மாதிரி ஒரு ஷாட் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

இன்று கதை சொன்னார்கள். துணை இயக்குநர் ஒரு பையன், நன்றாகப் படித்தவன், எங்களுக்காக மெனக்கெட்டு ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னான். மாஸ்டர் தமிழில் போட்டார்.

வில்லன் கெட்டவன் இல்லையாம். சூழ்நிலையாம். அப்பா இல்லை. தம்பிக்கு இதயத்தில் கோளாறு. அவனைக் காப்பாற்ற அண்ணன் முதலில் ஒரு பெட்டியைக் கடத்துகிறான், பிறகு ஒரு கப்பலை, இடைவேளைக்குப் பிறகு ஒரு மந்திரியை. மொத்தம் அறுபத்திரண்டு பேரைக் கொல்கிறான். எல்லாம் குடும்பத்துக்காக. கடைசியில் தம்பி மீது வரும் குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு மாடியிலிருந்து விழுகிறான். தியேட்டரே அழும் என்றான் பையன்.

அந்த அறுபத்திரண்டு பேருக்கும் குடும்பம் இருப்பதாகக் கதையில் இல்லை. நான் விசாரித்துவிட்டேன். விசாரிக்க எனக்கு உரிமை உண்டு. போன மாதம் ஹைதராபாத்தில் விக்கும் மீசையும் மாற்றி மாற்றி எடுத்ததில் அந்த அறுபத்திரண்டில் பதினொரு பேர் நான்தான்.

இதை மிக்கேல் மச்சானிடம் சொன்னேன். அவர் பிலோமியின் அண்ணன், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். லாட்ஜில் என் அறையில்தான் தங்கியிருக்கிறார். அவர் சிரிக்கவில்லை.

"தம்பிக்காகத்தான செஞ்சான் மாப்ள? அதுல என்ன தப்பு?"

"மந்திரியக் கடத்தினது மச்சான்?"

"மந்திரிய யாரு வேணும்னாலும் கடத்தலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 5, வியாழன்

ஜெசி பின்னாளில் இதைப் படித்தால் புரியட்டும் என்பதற்காக மச்சான் எதற்கு இங்கே வந்திருக்கிறார் என்று எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஆட்கள் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள். உள்ளே இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் நின்று பிடிக்கிறவன் அவனுடைய மச்சான், அதாவது மனைவியுடன் பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள். அவர்களோடு சொத்துத் தகராறு இருக்கும். மச்சான் என்றால் தங்கச்சி தாலி அறுபட விடமாட்டான். இதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கென்னவோ இது இன்சூரன்ஸ் மாதிரித்தான் படுகிறது.

இப்போது முத்தும் இல்லை, நாங்களும் அங்கே இல்லை. சென்னைக்கு வந்து கடலை விட்டுவிட்டு மாடியிலிருந்து குதிக்கிறோம். ஆனால் கயிறு மட்டும் மச்சான் கையில். கீழே நான்கு பேர் பிடித்தாலும் முதல் கை அவருடையது. எப்போது விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது முதல் கைக்காரன் முடிவு. மற்ற மூவரும் சும்மா கனத்துக்கு. இருபத்திரண்டு வருடமாக வேறு யார் பிடித்தும் நான் விழுந்ததில்லை. யூனியனில் எங்களை "கயிறும் வாளியும்" என்பார்கள். வாளி யார் என்று கேட்க வேண்டியதில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது மச்சான் வழக்கமான பேச்சைத் தொடங்கினார். லிகோரி அவருடைய ஒரே மகன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

"ஈஸ்டர் முடியட்டும் மாப்ள. அத்தை மக, மாமன் மகன்னா ஆயர் இல்லத்துல அனுமதி வாங்கணும். சாமியார்கிட்ட சொல்லிவச்சிருக்கேன். ஜெசி பரீட்சையும் முடிஞ்சிரும்லா?"

நான் சிரித்தேன். அந்தப் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தபோதிருந்து அவர் இதைச் சொல்கிறார், நானும் சிரிக்கிறேன். சிரித்ததைச் சம்மதம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அதற்குச் சிரித்தவன் பொறுப்பா?

மார்ச் 6, வெள்ளி

தவக்கால வெள்ளி, மாமிசம் கூடாது. மச்சானுக்குக் கஞ்சி. எனக்குப் புரொடக்‌ஷன் கோழி. என் பாவத்தையும் அவரே சேர்த்துப் பிடித்துக்கொள்வார்.

மார்ச் 7, சனி

பிலோமி போன் செய்தாள். மச்சான் குளித்துக்கொண்டிருந்தார், நல்லவேளை.

"ஏங்க, ஜெசிகிட்ட கேட்டுட்டேன். வேண்டாங்கா."

"என்ன வேண்டாமாம்?"

"லிகோரி வேண்டாமாம். கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கான், அவன எப்படிம்மா கட்டச் சொல்லுதங்கா."

"வேற எவனும் இருக்கானா?"

"நானும் கேட்டேன். எவனாவது இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லணுமான்னு என்னையே திருப்பிக் கேக்கா. அழலங்க. அழுதா மாத்திப்புடலாம். இவ சோறு தின்னுகிட்டே சொல்லுதா."

"சரி, உன் அண்ணன்கிட்ட நீயே..."

"நானா? எங்க அண்ணன் முகத்தப் பாத்து நான் சொல்லுவனா? நீங்கதான ஒரே ரூம்ல கெடக்கீங்க. பக்குவமா சொல்லுங்க."

பக்குவம் என்றால் என்ன என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "யாரு, தங்கச்சியா? என்ன சொல்லுதா?" என்றார்.

"கேஸ் தீந்துபோச்சாம்" என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம். அல்லது பதினாலாம் தேதி கீழே இறங்கிய பிறகு சொல்லலாம். இரண்டாவதுதான் பக்குவம்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் பூசை. மராத்தியில் வைத்தார்கள். எந்த மொழியில் வைத்தாலும் மன்னிப்புக் கேட்கிற இடம் வந்தால் தெரிந்துவிடுகிறது.

பூசை முடிந்ததும் மச்சான் என்னைக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனார். மருமகளுக்கு மும்பைப் புடவை வேண்டுமாம். ஜெசிக்கு மயில் நிறம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. கடைக்காரனிடம் என் அரைகுறை இந்தியில் பேசுவதற்கு என்னை விட்டார். என் மகள் கட்டப்போகாத கல்யாணப் புடவைக்கு அரை மணி நேரம் நானே பேரம் பேசினேன். நன்றாகவும் பேசினேன்.

"பொண்ணோட அப்பன் இப்படிப் பேரம் பேசுனா அவளுக்கு மரியாதையா மாப்ள?" என்று சொல்லி என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

வில்லன் சார் ஆயிரம் பேரை ஏமாற்றுவார். அதற்குப் பின்னணி இசை உண்டு. நான் ஏமாற்றும்போது ஆட்டோ ஹாரன்தான் கேட்டது.

மார்ச் 9, திங்கள்

ஒத்திகை. என் எடைக்கு மணல் மூட்டை கட்டிப் போட்டார்கள். மூன்று மூட்டை வேண்டியிருந்தது. உதவியாளர்கள் என்னைப் பார்த்துவிட்டு நான்காவதையும் எடுத்து வந்தார்கள். மேலே கிரேனில் சக்கரம், அதில் கயிறு, ஒரு முனை மூட்டையில், மறுமுனை மச்சான் கையில். முதல் தடவை தரைக்குப் பன்னிரண்டடி மேலே நின்றது. மாஸ்டர் போதும் என்றார். மச்சானுக்குப் போதவில்லை.

"மூடைக்கு நெஞ்செலும்பு இல்ல மாஸ்டர், டக்குனு நிறுத்தலாம். மனுசன அப்படி நிறுத்தினா ஒடிஞ்சிரும். எளக்கி எளக்கி நிறுத்தணும்."

மத்தியானம் வரைக்கும் இளக்கி இளக்கி நிறுத்திப் பழகினார். பதினேழு தடவை. நான் நிழலில் உட்கார்ந்து கடலை தின்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஜெசி போன் செய்தாள்.

"அப்பா, மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லப்போறேம்மா."

"மூணு நாளா சொல்லப்போறீங்க. லிகோரி நேத்து எனக்கு குட்மார்னிங் போட்டு ரோஜாப்பூ அனுப்புறான். பாவமா இருக்கு. தெரியாம அலையவிடக் கூடாதுப்பா."

"பதினாலு வரைக்கும் பொறு."

"பதினாலாம் தேதி என்ன?"

எண்பதடி என்று சொல்ல முடியுமா? "மாமாவுக்கு வேலை ஜாஸ்தி" என்றேன்.

"உங்களால முடியலன்னா நான் சொல்லிக்கிறேன்."

"ஏய், சின்னப்புள்ள பேச்சு பேசாத" என்று வைத்துவிட்டேன். பெரிய ஆள் நான் பேசுகிற லட்சணம் எனக்கே தெரியும்.

மார்ச் 11, புதன்

இன்று வில்லன் சார் அம்மா மடியில் படுத்து அழுகிற காட்சி. "எல்லாம் உங்களுக்காகத்தானே அம்மா" என்று ஒரே வசனம். லைட் பிடிக்கிறவர் உட்பட எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். காலையில் அவர் தன் கேரவனில் ஏசி ஓடவில்லை என்று ஒருவரை அறைந்ததைப் பார்த்தவர்களும் அழுதார்கள்.

மச்சான் அழவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து பேச்சே இல்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் வெகுநேரம் கழித்து வந்தார். பல்வலியாக இருக்கும். கிராம்பு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் பெல்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு தையல் தையலாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு அப்படிப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. எங்கே வலுவாக இருக்கிறது என்றா, எங்கே இல்லை என்றா?

சே. என்ன எழுதுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

மச்சானின் வலது தோள் சரியில்லை. எனக்கு இப்போதுதான் கவனத்துக்கு வருகிறது. நான்கு வருடம் முன்னால் பொள்ளாச்சியில் அவருக்கு அங்கே சுளுக்கிக்கொண்டது. ஐம்பத்தாறு வயது. தவக்காலத்தில் கஞ்சி குடித்து உடம்பும் தளர்ந்திருக்கும். அவர் நன்மைக்காகத்தான் மாஸ்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

"மாஸ்டர், சனிக்கிழமை முதல் கைக்கு வேற ஆளப் போடலாமா?"

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். "மிக்கேலுக்கு என்ன?"

"தோளு வலிக்கி போல."

"அவர் சொன்னாரா?"

"அவரு சொல்லமாட்டாரு. நமக்குத்தான் தெரியணும்."

"திங்கக்கிழமை பதினேழு தடவை இழுத்தாரு. நான் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களுக்குள்ள ஏதாவது?"

"எங்களுக்குள்ள என்ன மாஸ்டர்? குடும்பம்" என்றேன்.

இங்கே உள்ளூர் ஆள் ஒருவர் இருக்கிறாராம். கை பலாப்பழம் மாதிரி இருக்குமாம். எனக்கு அவர் யாரோ. அவருக்கும் நான் யாரோ. அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை என்பது ஒரு வசதி.

மார்ச் 13, வெள்ளி

மாஸ்டர் சரி என்றார். எனக்கும் கஞ்சி போதும் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, சனி

முதலிலேயே எழுதிவிடுகிறேன்: உயிரோடு இருக்கிறேன்.

பத்து மணிக்கு மேலே ஏற்றினார்கள். பேண்டைப் பின்னால் வெட்டித் துணி கொடுத்துத் தைத்திருந்தார்கள். நெஞ்சில் ரத்தப் பை, தலையில் விக். எண்பதடி என்பது கீழிருந்து பார்க்கும்போது எண்பதடிதான். மேலிருந்து பார்த்தால் அட்டைப்பெட்டி அடுக்கு தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. கயிற்றடியில் நாலு தலை. பலாப்பழக் கையை அடையாளம் தேடினேன். அவர் இரண்டாவதாக நின்றார்.

முதலில் மச்சான்.

கையுறை போட்டு, காலை அகட்டி, அண்ணாந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரிடம் கேட்கலாம் என்றால் அவர் எண்பதடி கீழே. கேமரா மூன்று ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு ஃபைட்டர் மேலே போய்விட்டு வேண்டாம் என்று இறங்கினால் யூனியனில் அது மூன்று தலைமுறைக்கு நிற்கும். பிலோமியை நினைத்தேன். என் உயிர் மச்சான் கையில் இருக்கும்போது, தங்கச்சி ஞாபகம் அவருக்கு முதலில் வருமா, மகன் ஞாபகம் முதலில் வருமா என்று நினைத்தேன். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஏழு நாள் இருந்தது. மேலே நின்று யோசிக்கிறேன்.

"ஆக்‌ஷன்" என்றார்கள். விழுந்தேன்.

காற்று விக்கைப் பிய்த்தது. பிறகு இடுப்பில் ஒரு இளக்கம். அப்புறம் இன்னொன்று. கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல. பெட்டிக்கு மேலே ஆறடியில் ஆடிக்கொண்டு நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மச்சான்தான் வந்து கொக்கியைக் கழற்றினார். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என் தோளுக்கு என்ன மாப்ள?"

"இல்ல மச்சான், பொள்ளாச்சில..."

"மாஸ்டர் நேத்தே என்னக் கூப்பிட்டுக் கேட்டாரு. என் தங்கச்சி புருசன் கயித்த வேற எவனும் தொட்டா நான் ரயிலேறிப் போயிருவேன், உங்க படமும் வேண்டாம்னு சொன்னேன்." பெல்ட்டின் வாரை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். "ஜெசி செவ்வாக்கிழமையே எனக்குப் போன் போட்டுட்டா. மாமா, கோவிச்சுக்காதீங்க, லிகோரி எனக்கு அண்ணன் மாதிரின்னு சொன்னா. நேரா சொன்னா. அவளுக்கு இருக்க தைரியம் உங்க பரம்பரையில எவனுக்கும் இல்லவே."

"நான் இன்னைக்கி சொல்லணும்னுதான்..."

"எனக்கு வருத்தம் இருக்கு. இல்லன்னு சொல்லல. அந்தப் பயகிட்ட எந்த வாயால சொல்லப்போறேன்னு நாலு நாளா யோசிக்கேன். ஆனா அது வேற, இது வேற."

"பின்ன ஏன் மச்சான் எங்கிட்ட கேக்கல? தெரிஞ்சதுமே கேட்டிருக்கலாம்லா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நான் பைத்தியக்காரத்தனமாக ஏதோ கேட்டுவிட்ட மாதிரி.

"எண்பதடியிலிருந்து விழப்போறவன்கிட்ட போய் இதப் பேசுவாங்களா? உன் மனசு கலங்கிருச்சின்னா? ஒரு நிமிசம் கால் முன்ன பின்ன போயிருச்சின்னா?" என்றார். "அதனாலதான் வாயத் தெறக்கல. சோறு எறங்கல எனக்கு."

நானும் அவரும் ஒரே அறையில், அடுத்தடுத்த கட்டிலில், ஒரே விஷயத்தை நாலு நாள் மறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். அவர் மறைத்தது நான் விழுந்துவிடக் கூடாது என்று. நான் மறைத்தது... அதை எழுத வேண்டாம்.

அவர் எழுதவைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு மாப்ள. பொண்ணு இல்லன்னு தெரிஞ்சா நான் கயித்த விட்ருவேன்னு நெனச்சியா?"

சுற்றிலும் ஆட்கள். ஒருவர் எனக்கு இளநீர் நீட்டிக்கொண்டிருந்தார். வில்லன் சார் நாற்காலியில் சாய்ந்தபடி மானிட்டரில் தான் விழுந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சே, என்ன மச்சான் நீங்க" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மைக்கில் "ஒன் மோர்" என்று சத்தம் வந்தது. விழும்போது வில்லன் முகத்தில் குடும்பப் பாசம் போதவில்லையாம். என் முதுகைத்தான் படம் எடுக்கிறார்கள், அதிலும் போதவில்லையாம்.

மச்சான் கழற்றிய வார்களை மறுபடி ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். கொக்கியை மாட்டி இரண்டு தடவை உலுக்கினார். கையுறையைப் போட்டுக்கொண்டார்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"அப்ப ஏறு."

மேலே ஏறுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய்த் திரும்பியபோது அவர் காலை அகட்டி அண்ணாந்து நின்றார், முதல் தடவை நின்ற அதே இடத்தில். சத்தம் போட்டுச் சொன்னால் கேட்கிற தூரம்தான். இந்தத் தடவையாவது அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்து பிடிக்கட்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் "ஆக்‌ஷன்" என்றார்கள்.

நினைத்தேன் மச்சான். ஏழு நாளும் அதை மட்டும்தான் நினைத்தேன்.